ஊரிலிருந்து வரும் மாத்திரை

நம் மலருக்கு நான் இதற்கு முன் எழுதிய இரண்டு கட்டுரைகளும் ரயிலைப் பற்றியவை. முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் பெட்டிகளையும் சக்கரங்களையும் பார்த்துக் கொண்டிருந்தவன் வேறு எதை எழுதுவான் என்று நீங்கள் நினைக்கலாம். இந்த முறை எழுத வந்திருப்பது ஒரு எவர்சில்வர் டப்பாவைப் பற்றி.

காக்கநாட்டில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் அந்த டப்பா பல வருடங்களாக இருந்தது. தீபாவளிக்கு யாரோ மைசூர்பாகு வைத்துக் கொடுத்த டப்பா. உள்ளே மாத்திரை அட்டைகள். காய்ச்சலுக்கு, வயிற்று வலிக்கு, அத்துடன் அசித்ரோமைசின், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஆன்டிபயாடிக் வகைகள் நாலைந்து. நம்மில் பலருடைய வீட்டில் இப்படி ஒரு டப்பா இருக்கும் என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கேரள அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் மெடிக்கல் ஷாப்களில் திடீர் சோதனைகளைத் தொடங்கியது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது, அப்படி விற்பதில்லை என்று கடையில் அறிவிப்பும் வைக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் குடியிருப்புக்குக் கீழே உள்ள கடைக்காரர் என்னை நன்றாகத் தெரிந்தவர். அவரே கையை விரித்து விட்டார். "குறிப்படி இல்லாதெ தரான் பற்றில்ல சாரே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் வாங்கிய மாத்திரைக்கு இன்று என்ன சீட்டு என்று முணுமுணுத்துக் கொண்டு வந்தேன்.

அடுத்த முறை தென்காசிக்குப் போனபோது அந்தக் கோபத்தைத் தீர்த்துக் கொண்டேன். அங்கே ஒரு கடையில் கேட்டதும் கொடுத்தார்கள். ஐந்தாறு அட்டை வாங்கிப் பையில் போட்டு, பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறி எர்ணாகுளம் வந்து சேர்ந்தேன். எனக்கு மட்டுமா? பக்கத்து பிளாக்கில் இருக்கும் நம் பிள்ளைகள், அதாவது இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் தம்பதிகள், "அங்கிள், குழந்தைக்கு இருமல், மாத்திரை இருக்கிறதா?" என்று கேட்டு வருவார்கள். எடுத்துக் கொடுப்பேன். ஊருக்கு உதவி செய்கிறோம் என்ற பெருமை வேறு.

அந்தப் பெருமை அந்த வருடம் செப்டம்பரில் முடிந்தது.

என் மனைவிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிறுநீர் போவதற்கு வைத்திருந்த குழாயை இரண்டாம் நாள் எடுத்தார்கள். நான்காம் நாள் இரவு அவளுக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல். முதலில் கொடுத்த ஊசி மருந்து கேட்கவில்லை. சிறுநீரையும் ரத்தத்தையும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா என்று கிருமியின் பெயர். அதன் கீழே வரிசையாக மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்று ஒரே எழுத்து. 'ஆர்' என்றால் ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்கு இந்தக் கிருமி மசியாது என்று பொருள். 'எஸ்' என்று இருந்தால் அந்த மருந்து வேலை செய்யும். அந்தத் தாளில் இரண்டே இரண்டு 'எஸ்' இருந்தன.

தொற்று நோய்ப் பிரிவு டாக்டர் வந்தார். வயதில் என் மகளைப் போன்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், போன மூன்று மாதத்தில் ஆன்ட்டி ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்களா?"

ஜூன் மாதம் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றாள். டப்பாவிலிருந்து செஃபிக்சிம் கொடுத்தேன். நாலு மாத்திரையில் சரியாகி விட்டது என்று நிறுத்தினாள். ஆகஸ்டில் தொண்டை வலி. அசித்ரோமைசின் மூன்று. டாக்டரிடம் இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலேயே கூட வந்திருக்கலாம். ஆனால் அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு இது வருவதற்கு வாய்ப்பு அதிகம்" என்றார்.

பதினான்கு நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். தனி அறை. கதவில் ஒரு அறிவிப்பு. உள்ளே போகிறவர்கள் மேலங்கியும் கையுறையும் போட்டுத்தான் போக வேண்டும். கடவுள் புண்ணியத்தில் அவள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அந்த இரண்டு எழுத்தும் 'ஆர்' ஆக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க இன்றும் எனக்குத் துணிவில்லை.

அந்தப் பதினான்கு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து டாக்டர்களையும் நர்சுகளையும் கேள்வி கேட்டுத் துளைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் தேடிப் படித்தேன். டிப்ளமா படித்த எனக்குப் புரிந்த அளவில், நம் குடும்பங்கள் தெரிந்து கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக் கொள்வோம். "இந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிப் போச்சு, அதனால் கேட்பதில்லை" என்று நாம் சொல்கிறோம். பழகியது உடம்பு அல்ல, கிருமி. அதனால் எனக்கு ஒத்துக் கொள்கிற மருந்தாயிற்றே என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. வாழ்நாளில் ஆன்டிபயாடிக்கே தொடாத ஒரு பச்சைக் குழந்தைக்கும், மருந்துக்கு மசியாத கிருமி வந்து ஒட்டிக் கொள்ளலாம்.

கிருமி எப்படிப் பழகுகிறது? வசதியான சூழ்நிலையில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மணி நேரத்தில் 30 தடவை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, முப்பதாவது தடவையில் 107 கோடியைத் தாண்டும். இப்படிக் கோடிக்கணக்கில் நகல் எடுக்கும்போது சில நகல்களில் பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கு லாபமில்லை. எப்போதாவது ஒரு பிழை அதை மருந்திலிருந்து காப்பாற்றி விடும். நாம் மாத்திரை சாப்பிட்டதும் சாதாரணக் கிருமிகள் சாகின்றன, தப்பியது மட்டும் பெருகுகிறது. தொண்டைக்கென்று சாப்பிட்ட மாத்திரை தொண்டையோடு நிற்பதும் இல்லை. குடலில் நமக்குத் தீங்கு செய்யாமல் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களிடமும் அதே வேலையைச் செய்கிறது. பின்னால் குழாய் வைக்கும்போதோ ஆபரேஷனின்போதோ, குடலில் தங்கி விட்ட அந்தக் கிருமி சிறுநீர்ப் பாதைக்கு வந்து விடலாம்.

மருந்திலிருந்து தப்புவதற்குக் கிருமிக்குப் பல வழிகள். மருந்து உள்ளே வரும் வாசலை அடைத்து விடும். வந்த மருந்தைப் பம்ப் வைத்து வெளியே தள்ளும். மருந்து பிடிக்க வேண்டிய இடத்தையே மாற்றிக் கொள்ளும். அல்லது மருந்தை வெட்டும் ஒரு நொதியைத் தயாரிக்கும். பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் நடுவில் நான்கு அணுக்கள் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையம் உடைந்தால் மருந்து வெறும் தூள்தான்.

இதுவரை சொன்னது பரம்பரையாக வருவது, தாய்க் கிருமியிடமிருந்து சேய்க்கு. எனக்கு உண்மையிலேயே தூக்கி வாரிப் போட்டது அடுத்த விஷயம்.

ரயில்வேயில் ஒரு பெட்டியின் அமைப்பில் சிறு மாற்றம் செய்ய வேண்டுமானால் லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. அலுவலகம் வரைபடத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும். பிறகுதான் ஒவ்வொரு பணிமனையும் அதைச் செய்யும். மாதங்கள் ஆகும், சில நேரம் வருடங்கள் ஆகும். பாக்டீரியாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அதன் முக்கியமான மரபணுத் தொகுப்பு ஒரு புறம் இருக்க, பிளாஸ்மிட் என்று சொல்லப்படும் சிறு வளையங்களும் உள்ளே தனியாக இருக்கின்றன. மருந்தை எதிர்க்கும் வித்தை அந்த வளையத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக் கொள்ளும்போது ஒன்று அந்த வளையத்துக்கு ஒரு நகல் எடுத்து மற்றதற்குக் கொடுத்து விடுகிறது. வாங்கிக் கொள்வது அதே இனமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளை எதிர்க்கும் வித்தைகள் சேர்ந்தே இருக்கலாம். அதாவது, ஒரு மருந்தை வீணாகச் சாப்பிட்டாலும் நாலு மருந்தை எதிர்க்கும் கிருமியை நாம் வளர்த்து விட முடியும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். 1950-களில் அங்கே சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு மசியாமல் போனது. ஒவ்வொரு மருந்தாகப் பழகி இத்தனை சீக்கிரம் இந்த நிலைக்கு வந்திருக்க முடியாதே என்று ஆராய்ந்தார்கள். குடலில் சாதாரணமாக வாழும் வேறொரு பாக்டீரியாவிடமிருந்து அந்த வித்தை மொத்தமாகக் கைமாறுகிறது என்று 1959-இல் காட்டினார்கள்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஸ்வீடனில் குடியிருந்த இந்திய வம்சாவளியினர் ஒருவர் 2007 டிசம்பரில் டில்லியில் சிகிச்சை பெற்றார். 2008-இல் ஸ்வீடனுக்குத் திரும்பியபோது அவருடைய சிறுநீரில் கிளெப்சியெல்லா கிருமி இருந்தது. என் மனைவிக்கு வந்த அதே இனம். கடைசி ஆயுதம் போல டாக்டர்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையும் வெட்டும் நொதி அதனிடம் இருந்தது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். என்.டி. என்பது நியூ டெல்லி. அடுத்து 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்று நோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியின் பெயர் அதில் முதலாவதாக இருந்தது. இந்த மரபணு உள்ள கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்ததாக அவர்கள் எழுதினார்கள். பிரிட்டன் நோயாளிகளில் பலர் முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து போனவர்கள்.

அப்போது நாடே கொதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் தலைநகரின் பெயரைக் கிருமிக்கு வைப்பதா, இந்தியாவுக்குச் சிகிச்சைக்கு வரும் வெளிநாட்டாரைத் தடுக்கும் சதியா என்று கேட்டார்கள். எனக்கும் அன்று அதே கோபம்தான். பெயர் வைத்தது சரியல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பெயருக்காகச் சண்டை போட்ட நாம், கிருமிக்காக என்ன செய்தோம்? 2011-இல் டில்லித் தெருக்களில் தேங்கிய 171 கழிவு நீர் மாதிரிகளைப் பரிசோதித்ததில் 51-இல் அந்த மரபணு இருந்தது. 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2-இல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் அடைந்து கிடக்கும் விஷயம் அல்ல இது என்று அப்போதே தெரிந்து விட்டது.

அதற்குப் பதில் சொல்லும் முதல் பெரிய முயற்சியும் சென்னையிலிருந்தே வந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 2012 ஆகஸ்டில் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று நடத்த, நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி ஒரு திட்டம் வகுத்தன. அதற்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். அடுத்த வருடம் மத்திய அரசு 'ஹெச்-1' என்ற புதிய அட்டவணையை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அன்று 46 மருந்துகள் இருந்த அந்த அட்டவணையில் உள்ளவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த அட்டவணையில் இல்லாத ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கும் சீட்டு வேண்டும் என்பது அதற்கு முன்பிருந்தே உள்ள சட்டம்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. சட்டம் கேரளத்துக்கு மட்டும் உரியது அல்ல. தென்காசிக்கும் கோயம்புத்தூருக்கும் அதே சட்டம்தான். கேரளம் 2018 அக்டோபரில் இதற்கென்று மாநிலத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் இது. இங்கே நம் கொச்சியில் அமிர்தா மருத்துவமனை 2016 முதலே ஆன்டிபயாடிக் உபயோகத்தைக் கண்காணிக்கத் தனிக் குழு வைத்திருக்கிறது. பிறகு அம்ருத் சோதனைகள், ஆன்டிபயாடிக் கொடுக்க நீல நிறக் கவர் என்று ஒவ்வொன்றாக வந்தன. இந்த மண்ணில் பிழைக்க வந்த நாம், இவர்கள் கஷ்டப்பட்டு அடைக்கும் ஓட்டையைப் பக்கத்து மாநிலத்து மாத்திரை அட்டையால் திறந்து விடுகிறோம். பெயரைப் பாருங்கள், அம்ருத். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொல்லாத நாள் உண்டா?

இதற்கு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். அம்ருத் வந்த புதிதில் நானே சொன்ன மறுப்புகள்தான் அவை.

"டாக்டரிடம் போனால் ஐந்நூறு ரூபாய், அரை நாள் லீவு. யாரால் முடியும்?" நியாயமான கேள்வி. ஆனால் சாதாரண ஜலதோஷத்துக்கும், பெரும்பாலான தொண்டை வலிக்கும், ஃப்ளூ காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். வைரஸிடம் ஆன்டிபயாடிக் செல்லாது. அது நாலு நாளில் தானாகப் போகும். நாம் விழுங்கிய மாத்திரைக்குப் பெயர் கிடைக்கும். ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோயாக இருந்தால் எந்த மருந்து, எத்தனை நாள் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பணம் கஷ்டமென்றால் அரசு ஆரம்ப சுகாதார மையம் இங்கே எல்லாப் பகுதியிலும் இருக்கிறது. தமிழர் என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

"பண்ணைக் கோழிக்கு மருந்தை வாரிக் கொடுக்கிறார்கள், ஆஸ்பத்திரிகளே தேவையில்லாமல் எழுதித் தருகின்றன. என் வீட்டு நாலு மாத்திரைதானா குற்றம்?" இதிலும் உண்மை இருக்கிறது. கொலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து. என்.டி.எம். கிருமிக்கு மற்றவை கேட்காதபோது டாக்டர்கள் தேடிப் போகும் மருந்து. அதையே கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்து கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. என் மனைவி இருந்த ஆஸ்பத்திரியிலும், ஒரு கட்டிலைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த கட்டிலைத் தொட்ட ஊழியரை என் கண்ணால் பார்த்தேன். குற்றம் பல இடத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி யார்டுக்குள் வரும்போது ஒவ்வொரு அச்சுப் பெட்டியும் சூடாகி இருக்கிறதா என்று பார்ப்போம். பக்கத்து லைன்காரன் பார்க்கவில்லை என்பதால் என் லைனில் வரும் வண்டியை நான் பார்க்காமல் விட முடியாது. என் கைக்கு எட்டுவது என் வீட்டு டப்பா. அதை நான்தான் பார்க்க வேண்டும்.

"புது மருந்து கண்டுபிடித்து விடுவார்கள்" என்பது மூன்றாவது. பென்சிலின் 1928-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தை அரசு தொடங்கியது. இனி தொற்று நோயால் சாவு இல்லை என்று நம் பெற்றோர் நம்பினார்கள். இன்று நிலைமை என்ன? 2019-இல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் என்று 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. புது மருந்து ஒன்றைக் கொண்டு வரப் பல வருடம் பிடிக்கும். கிருமிக்கு அந்தப் பிளாஸ்மிட் நகலைக் கைமாற்ற நிமிடங்கள் போதும்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. தாமே கடையில் பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை, எதிர்க்கக் கற்றுக் கொள்கிறது. அது அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியா வருகிறது. பென்சிலின் கேட்கவில்லை. மனைவி இறந்து விடுகிறாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார் ஃபிளெமிங். எண்பது வருடத்துக்கு முந்தைய அந்த உரையை நான் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் என் மனைவி தூங்கிக் கொண்டிருந்தாள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் வருத்தப்படக் கூடாது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நம் சங்கத்திலிருந்து எத்தனை பேர் வந்தீர்கள்! மொழி தெரியாத ஊரில் வாழ வந்த காலத்திலிருந்து நமக்கு நாமே துணை என்ற அன்புதான் அது. அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவன். ஆனால் தனி அறைக்கு மாற்றும் முன், ஒரே மாலையில் பதினோரு பேர் வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி விட்டு, அதே வார்டில் இருந்த இன்னொரு உறுப்பினரின் தாயாரையும் பார்த்து விட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி ஒரு பெரிய ஜங்ஷன். பலவீனமான நோயாளிகள், உடம்பில் குழாய்கள், எந்நேரமும் ஆன்டிபயாடிக், எல்லாக் கிருமியும் ஒரே கூரையின் கீழ். ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குக் கிருமி ஏறிப் போகும் வண்டி பெரும்பாலும் மனிதனுடைய கை.

அந்த வண்டியை நிறுத்துவது பெரிய வித்தை அல்ல. 1847-இல் வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கும் முன் எல்லோரும் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். அந்த வருடம் ஏப்ரலில் நூறு தாய்மாரில் 18 பேர் இறந்து கொண்டிருந்த வார்டில், ஜூனில் அது 2 ஆகக் குறைந்தது. அன்று ஆன்டிபயாடிக் என்ற சொல்லே கிடையாது. எல்லா மருந்தும் தோற்றாலும் நம்மிடம் மிஞ்சி நிற்கும் மருந்து சோப்பும் தண்ணீரும்தான்.

ஆகவே, வரும் பொங்கல் விழாக் கூட்டத்தில் மூன்று வேண்டுகோள்களைத் தீர்மானமாக முன்மொழியலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று: ஊருக்குப் போய் வரும்போது முறுக்கு கொண்டு வாருங்கள், அல்வா கொண்டு வாருங்கள், சீட்டில்லாத ஆன்டிபயாடிக் கொண்டு வராதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

இரண்டு: மிஞ்சிய மாத்திரையைச் சாக்கடையிலோ கழிப்பறையிலோ போடாதீர்கள். உபயோகிக்காத மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டம் 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியிருக்கிறது. அதை எர்ணாகுளத்துக்கும் விரைவில் கொண்டு வரும்படி நம் சங்கத்தின் பெயரில் ஒரு கோரிக்கை மனு கொடுப்போம்.

மூன்று: ஆஸ்பத்திரியில் நம்மவர்களைப் பார்க்கப் போகும்போது ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும். உள்ளே போகும் முன்பும் வெளியே வந்த பின்பும் கையைக் கழுவுங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம். கை கழுவாமல் நோயாளியைத் தொட வரும் ஊழியரிடம், டாக்டராகவே இருந்தாலும், மரியாதையாக நினைவூட்டுங்கள். அன்று நான் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக் கொள்வார்களோ என்று பயந்தேன். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

ஊரிலிருந்து நாம் இங்கே கொண்டு வந்தவை ஏராளம். மொழியைக் கொண்டு வந்தோம், பொங்கலைக் கொண்டு வந்தோம், சமையலைக் கொண்டு வந்தோம். நம் பேரப் பிள்ளைகளுக்கு அவற்றை விட்டுச் செல்ல வேண்டும் என்றுதான் இந்தச் சங்கமே நடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நாளை ஒரு நிமோனியா வந்தால் அதைக் குணப்படுத்த ஒரு மருந்தையும் விட்டு வைப்பது நம் கடமை அல்லவா?

எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாவில் இப்போது மிளகாய் வற்றல் இருக்கிறது. என் மனைவி நன்றாக நடக்கிறாள். அடுத்த முறை தென்காசிக்குப் போனபோது அதே மெடிக்கல் ஷாப்பைத் தாண்டி நடந்து போனேன். உள்ளே நுழையவில்லை.

சிந்திப்போம். உங்கள் கருத்துகளைத் தவறாமல் மலருக்கு எழுதுங்கள், மாற்றுக் கருத்து ஆனாலும் சரியே.